மனந்திரும்புதல்னா என்ன? மனஸ்தாபமும் அதுவும் ஒண்ணா?

சின்ன வயசுல ராத்திரி ஜெபத்துக்கு எங்க ஆச்சி பக்கத்துல முழங்கால் போட்டு உக்காருவேன். ஆச்சி உத்தம மனஸ்தாப மந்திரம், அதாவது பாவத்துக்கு வருந்திச் சொல்ற ஜெபம், சொல்லுவாங்க, கத்தோலிக்க வீட்ல வளந்தவங்களுக்கு இது நல்லாத் தெரியும், சொல்லும்போதே வலது கைய மடக்கி நெஞ்சுல மெதுவா தட்டிக்கிட்டே இருப்பாங்க. எனக்கு அந்த வார்த்தை ரொம்ப நாள் புரியல, ஏன்னா எங்க தெருவுல மனஸ்தாபம்னா ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாம இருக்கறது. அப்புறம் சிஎஸ்ஐங்கற புராட்டஸ்டண்ட் சபையில இருக்கற ஒரு ஃப்ரெண்டு வீட்டு ஜெபத்துக்குப் போனப்பதான் மனந்திரும்புதல்ங்கிற சொல்லக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்னு பல வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். ஒண்ணு இல்ல.

மனஸ்தாபம் வடமொழி. தாபம்னா சூடு, எரிச்சல். செஞ்சத நெனச்சு உள்ள எரியுது, அவ்வளவுதான், அந்த எரிச்சல் உங்கள எங்கயும் கூட்டிட்டுப் போகும்னு அந்தச் சொல்லுல இல்ல. மனந்திரும்புதல்ல மனம் கூட திரும்புதல் சேருது, த-வுக்கு முன்னாடி ம் போய் ந் வந்துடும், அதனாலதான் மனந்திரும்புன்னு எழுதறோம். இந்தச் சொல்லுல ஒரு வழி இருக்கு, போற பாதை தப்புன்னு தெரிஞ்சு நின்னு வந்த பக்கமே நடக்கற கால் இருக்கு.

இதுக்குப் பின்னாடி ரெண்டு மொழி இருக்கு. புதிய ஏற்பாட்டோட கிரேக்கத்துல மெட்டனோயா, மனசோட நெனப்பே மாறிப்போறது. பழைய ஏற்பாட்டோட எபிரேயத்துல ஷூவ், ஆயிரம் தடவைக்கு மேல வருது, ரொம்ப சாதாரணமான வார்த்தை, வெளிய போனவன் வீட்டுக்குத் திரும்பறதுக்கும் அதேதான். ரூத் புஸ்தகம் 1-ஆம் அதிகாரத்துல நகோமி புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் மோவாபுல பறிகொடுத்துட்டு பெத்லகேமுக்குத் திரும்பறாங்க இல்லையா, அங்க மறுபடி மறுபடி வர்றது இந்த ஷூவ்தான். கிரேக்கத்துல மனசு இருக்கு, எபிரேயத்துல திரும்பறது இருக்கு, தமிழ்ல ரெண்டும் ஒரே சொல்லுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. இத யோசிக்கறப்ப எல்லாம் எனக்கு சிலிர்க்கும்.

லத்தீன் பைபிள்ல மெட்டனோயாவுக்குப் போட்ட வார்த்தையில தவம், பரிகாரம் செய்யுங்கங்கிற அர்த்தம் ஏறிக்கிச்சு. 1517-ல, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்சு வச்ச மார்ட்டின் லூத்தர் எழுதின 95 வாக்கியத்துல முதல் வாக்கியமே இதப் பத்திதான், விசுவாசியோட வாழ்நாள் முழுக்க மனந்திரும்புதலா இருக்கணும்னு.

தமிழ் பைபிள்ல (புராட்டஸ்டண்ட் சபைகள்ல வாசிக்கற பழைய மொழிபெயர்ப்புல) மனஸ்தாபத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு இடத்துல நல்லாத் தெரியும். மத்தேயு 27-ல, இயேசுவக் காட்டிக்குடுத்த யூதாஸ் முப்பது வெள்ளிக்காசத் திருப்பிக் கொண்டுபோற இடத்துல "மனஸ்தாபப்பட்டு"ன்னுதான் இருக்கு. கிரேக்கத்துலயும் அங்க மெட்டனோயா கிடையாது, வேற சொல். அவனுக்கு எரிச்சல் இருந்துச்சு, காசையும் திருப்பிக் குடுத்தான், ஆனா இயேசுகிட்ட திரும்பல. இயேசுவோட சீஷன் பேதுருவும், யூதாஸ் காட்டிக்குடுத்த அதே ராத்திரி, அவரத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சவர்தான், மனங்கசந்து அழுதார், ஆனா அப்புறம் திரும்பி வந்தார். ஒரு கன்வென்ஷன்ல ஒரு பிரசங்கியார் அழாதவங்க மனந்திரும்பலன்னு சொல்லிச் சொல்லி அழ வச்சாரு, என் பக்கத்துல இருந்த ஒரு அக்கா அழுக வரலையேன்னு பயந்து போயிட்டாங்க, அது எனக்கு இன்னைக்கும் வலிக்குது. அழுக வரலாம் வராமலும் போகலாம், திரும்பறதுதான் விஷயம்.

சரி, நல்ல தமிழ்ல எது சரி? கத்தோலிக்கர்கள் இப்ப மனமாற்றம், மனம் மாறுதல்னு சொல்றாங்க. திருநீற்றுப் புதன் அன்னைக்கு, போன வருஷத்து குருத்தோலைய எரிச்ச சாம்பல நெத்தியில பூசும்போது "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்"னு சாமியார் சொல்லுவாரு. தப்பில்ல, மெட்டனோயாவுக்கு நேரா பொருந்துது. ஆனா பேச்சுல மனசு மாறிட்டான்னா சொன்ன சொல்ல மாத்திட்டான்னும் ஆகுதே, பொண்ணு வீட்டுக்காரங்க மனசு மாறிட்டாங்கன்னு சொல்றோம்ல. அதனால என் ஓட்டு மனந்திரும்புதலுக்குத்தான். அதே சாம்பல் பூசறப்ப சொல்ற இன்னொரு வாக்கியம் மண்ணுக்கே திரும்புவாய்ங்கறது, ஆதியாகமம் 3-ல இருந்து வர்றது, அங்கயும் எபிரேயத்துல ஷூவ்தான் இருக்கு.

இன்னொரு அழகான பழைய சொல் உண்டு, குணப்படுதல். அப்போஸ்தலர் 3-ல பேதுரு "மனந்திரும்பிக் குணப்படுங்கள்"ங்கறார். நாம காய்ச்சல் குணமாகிடுச்சுன்னு சொல்ற அதே குணம். கூடவே இளைப்பாறுதலின் காலங்கள் வரும்னும் சொல்றார், அந்த இளைப்பாறுதலுக்கு கிரேக்கத்துல இருக்கற சொல் குளிர்ச்சியக் குறிக்குது, வெயில்ல நடந்து வந்தவன் நிழல்ல நின்னு மூச்சு விடற மாதிரி. தாபம்னா சூடுன்னு மேல சொன்னேன்ல, அது ஆறுற இடம் இதுதான்.

லூக்கா 15-ல இயேசு சொல்ற கதையில, சொத்துல பங்க வாங்கிட்டுப் போய் அழிச்சுட்டு பன்னி மேய்ச்ச அந்த இளைய மகன் வீட்டுக்குத் திரும்பறப்ப வழியெல்லாம் ஒரு பேச்சு தயார் பண்ணிட்டு வர்றான், தப்பு பண்ணிட்டேன், மகன்னு சொல்லத் தகுதியில்ல, கூலிக்காரன்ல ஒருத்தனா வச்சுக்கங்கன்னு. அப்பா தூரத்துலயே பாத்துட்டு ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கறார். அவன் ஆரம்பிக்கறான், தகுதியில்லங்கறது வரைக்கும் சொல்லிடறான். கூலிக்காரன் வரிய அவன் வாயில எடுக்கறதுக்குள்ள அப்பா வேலைக்காரங்கள கூப்பிட்டு துணி எடுத்துட்டு வரச் சொல்லிட்டார்.