பழைய காரின் பெயிண்டைத் தேய்த்துத் தீர்க்காதீர்கள்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து அண்மையில் ஒரு பிரீமியர் பத்மினி எங்கள் பட்டறைக்கு வந்தது. 1978 ஆம் ஆண்டு வண்டி, மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஏறவில்லை, கம்பெனியில் அடித்த பெயிண்டோடு அப்படியே இருந்தது. தாத்தாவின் காரை மீண்டும் ஓட்ட ஆசைப்பட்ட பேரன், அதை ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டுப் பாலிஷ் போடச் சொல்லியிருக்கிறார். அங்கே கம்பளி பேட் மாட்டிய பஃபிங் மெஷினில் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையை வைத்து, சித்திரை வெயிலில், வெட்டவெளியில் நிறுத்தித் தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். பின் மட்கார்டின் துடுப்பு முனையிலும் பானெட்டின் ஓரத்திலும் நிறம் முழுவதும் போய், அடியில் பூசிய பிரைமர் தெரிந்தது. "அண்ணாச்சி, லேசா டச்சப் பண்ணி மறைச்சிரலாம்லா?" என்று அந்தத் தம்பி கேட்டார். இது முதல் வண்டியாக இருந்தால் நான் பேசாமல் வேலையைப் பார்த்திருப்பேன். இதே கேள்வியோடு அம்பாசடரும் கான்டெசாவும் பழைய மாருதி 800-உம் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால் எழுத வேண்டியதாயிற்று.

பாலிஷ் போட்டால் பெயிண்டின் மேல் ஏதோ ஒரு பளபளப்பு ஏறுகிறது என்றே பெரும்பாலானோர் நம்புகிறார்கள். படித்தவர்கள், பல கார் வைத்திருப்பவர்கள், ஏன், தினமும் மெஷின் பிடிக்கும் சில பையன்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் "இன்னும் ரெண்டு கோட்டு பாலிஷ் போடுங்க" என்று கூசாமல் கேட்கிறார்கள். ஏறுவது எதுவுமில்லை. காம்பவுண்டில் இருக்கும் நுண்ணிய துகள்கள் பெயிண்டின் மேற்பரப்பைச் சீவி எடுக்கின்றன. வெளுத்த பகுதியும் மெல்லிய கீறல்களும் அதோடு போய்விடுவதால், சமமாகிப்போன பரப்பில் ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதையே நாம் பளபளப்பு என்கிறோம். சந்தனக் கட்டையை உரைக்க உரைக்க மணக்கத்தான் செய்யும், ஆனால் கட்டை தேய்ந்துகொண்டே இருக்கும். பெயிண்டின் மேலே பூசப்படுவது வேக்ஸ்தான். அது எதையும் திருத்தாது, காப்பது மட்டுமே அதன் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பொங்கலுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு ஒரு முறை என்று ஆண்டுதோறும் காம்பவுண்ட் போட்டு, நாற்பது ஆண்டுகள் தாங்கிய பெயிண்டைச் சில ஆண்டுகளில் தீர்த்துவிடுகிறார்கள்.

அப்படித் தேய்க்க அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் பயம் வரும். கம்பெனி பெயிண்ட், பிரைமரோடு சேர்த்தே, பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும்; அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கனத்த காம்பவுண்டும் கம்பளி பேடுமாக ஒரு முறை முழுதாகத் தேய்த்தாலே அதில் சில மைக்ரான் போய்விடும். விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் முதலிலிருந்தே மெல்லியதாகத்தான் படிந்திருக்கும். வட்டமாகச் சுழலும் மெஷினின் அழுத்தமும் சூடும் குவிவதும் அதே இடங்களில்தான். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற தெளிந்த அடுக்கு இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்மினியிலும் அம்பாசடரிலும் அது இல்லை, நிறமே மேற்பரப்பு. புது வண்டியில் பழகிய கையை அப்படியே பழைய வண்டியில் வைப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

ஓடாத வண்டி என்றால் பெயிண்டும் புதிதாகத்தான் இருக்கும் என்பது இன்னொரு நினைப்பு. கிலோமீட்டர் எஞ்சினுக்கான கணக்கு. பெயிண்டுக்கு வெயிலும் ஈரமும் தூசியும்தான் கணக்கு. நான் பார்த்தவரையில், குறைவாக ஓடிய கார்களில்தான் வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள் அதிகம்; ஏனென்றால் ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம். டிரைவர் காலையில் வந்ததும் காய்ந்த பனியன் வேஸ்டை எடுத்து, வேலையில்லாத பொழுதுக்கெல்லாம் சேர்த்து, தூசியோடு தேய்ப்பார். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அடிக்கும் நம் சீமையில், அதிலும் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் தேரி மணல் பறக்கும் ஊர்களில், அந்தத் தூசி என்பது பெயிண்டைவிடக் கடினமான மணல்தான். அதன் மேல் காய்ந்த துணியை ஓட்டுவதும் உப்புத்தாளை ஓட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. தூசி படிந்த வண்டியின் மேல் போர்வையை இழுத்து மூடினாலும் அதே கதைதான். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் திறக்காமல் வைத்தால், உள்ளே அடங்கிய ஈரத்தில் பெயிண்ட் கொப்புளம் கட்டும்.

மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைக்கும் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அன்று மாலை வரை மின்னும். மறுநாள் அந்த எண்ணெய்ப் படலத்தில் ஊரிலுள்ள புழுதியெல்லாம் ஒட்டும். ஏற்கெனவே இருந்த வேக்ஸ் கரைந்துபோகும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் ஊதிக் கெடும். அந்தக் காலத்து பீடிங்குக்கு இன்று அலைந்து பாருங்கள், அருமை தெரியும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழும். சூடான பானெட்டில் அந்தக் கறை பெயிண்டுக்குள்ளேயே இறங்கிவிடும். நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் நிழலில் கழுவி உடனே ஒற்றி எடுங்கள்.

முறையாகச் செய்யும்போது மெஷின் கடைசியில்தான் வரும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மணலை இறக்கி, ஷாம்புக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி என்று வைத்துக் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கிறோம். பிறகு பெயிண்டின் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரை ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்க்கிறோம். கூரையில் 110, கதவில் 300, ஒரு மட்கார்டில் 1000-க்கு மேல் என்று காட்டினால், கூரை கம்பெனி பெயிண்ட், கதவு பின்னால் அடித்தது, மட்கார்டில் பட்டி இருக்கிறது என்று பொருள். ("ஆக்சிடென்டே ஆகாத வண்டி" என்று சொல்லி விற்றவரின் முகம் அப்போது நினைவுக்கு வரும், அது வேறு கதை.) அடுத்து, கண்ணில் படாத ஓரிடத்தில், பெரும்பாலும் டிக்கி மூடியின் கீழ் ஓரத்தில், வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து விரலால் மெல்லத் தேய்த்துப் பார்ப்போம். துணியில் வண்டியின் நிறமே ஏறினால் கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் என்று உறுதியாகிறது. சாம்பல் பூத்ததுபோல் வறண்டு வெளுத்த பெயிண்டாக இருந்தால், கிளேஸ் என்ற எண்ணெய்ப் பசை மிகுந்த பூச்சைக் கையால் தடவி ஓரிரவு ஊறவிடுவேன். பல வண்டிகளுக்குக் காலையில் நிறம் பாதி திரும்பியிருக்கும், மெஷினுக்கு மிச்சமிருப்பது சிறு வேலைதான்.

மெஷின் அவசியமானால், விளிம்புகளுக்கும் மடிப்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அந்த இடங்களைக் கையால் மட்டுமே தொடுங்கள். டூயல் ஆக்‌ஷன் மெஷினும் (சுழன்றுகொண்டே அசைவதால் சூடு ஓரிடத்தில் குவியாது) மென்மையான ஃபோம் பேடும் போதும். மிக மெல்லிய பாலிஷில் தொடங்குங்கள், அதில் போகாவிட்டால் மட்டும் அடுத்த தரத்துக்குப் போங்கள். வேலை கூரைக்குக் கீழே நடக்கட்டும். புறங்கையை வைத்தால் தகடு சுடக்கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் இல்லாமல் எந்தப் பையனையும் தேய்க்க விடாதீர்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுங்கள்; அதை அழிக்கும் ஆசையில்தான் பாதி வண்டிகள் பிரைமர் வரை போகின்றன. செராமிக் கோட்டிங் என்ற கெட்டியான காப்புப் பூச்சைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு, வறண்ட பழைய பெயிண்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பிடிக்காமல் போனால் அதை எடுக்க மறுபடியும் தேய்க்கத்தான் வேண்டும். நல்ல வேக்ஸ், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, கையால் பூசினால் போதும்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டுமென்றால் தயவுசெய்து முன் கண்ணாடியில் வையுங்கள், பானெட்டில் வேண்டாம். ஆரத்தி நீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கின்றன. அது வண்டியில் தெறித்தால் காயும் முன் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மாலை கட்ட நூல் போதும், செலோ டேப் வேண்டாம். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் காக்கை எச்சம் விழுந்தால் சுரண்டாமல், ஈரத்துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியபின் மெல்ல எடுங்கள்.