வேர் குளிர்ந்தால் இலை உதிரும்

டொராண்டோவில் செப்டம்பர் கடைசியில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும். கறிவேப்பிலைத் தொட்டியும் எலுமிச்சைத் தொட்டியும் வீட்டுக்குள் வரும் காலம் அது. என் மேயர் எலுமிச்சைக்கு முதல் ஆண்டு நல்ல இடமாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்: தெற்குப் பார்த்த கண்ணாடிக் கதவுக்கு அருகில், வெயில் நேரே விழும் மூலை. அறையில் 21 டிகிரி. ஜனவரியில் மூன்றே வாரத்தில் பாதி இலை கொட்டிவிட்டது. மண் ஈரமாகத்தான் இருந்தது. உதிர்ந்த இலைகளும் பச்சையாகவே கிடந்தன. காம்புகள் மட்டும் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன.

சமையலறையில் கிடந்த தெர்மாமீட்டரைத் தொட்டி மண்ணில் குத்திப் பார்த்தேன். 11 டிகிரி.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்து வேர்கள் சுமார் 13 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீர் புகுவதற்கென்றே புரதக் குழாய்கள் உண்டு. குளிரில் அவற்றின் வழியாகப் போகும் நீர் குறைந்துவிடும். தண்ணீரும் கெட்டிப்படுகிறது: 25 டிகிரியில் இருப்பதைவிட 10 டிகிரியில் அதன் பிசுபிசுப்பு சுமார் ஒன்றரை மடங்கு. மேலே நிலைமை வேறு. கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இலை சூடேறி, துளைகளைத் திறந்து நீரை ஆவியாக விடுகிறது. மேலே செலவு நடக்கிறது, கீழே வரவு இல்லை. ஈர மண்ணில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் தவிக்கிறது; இலையைக் கழற்றிவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இலை கொட்டுவதைப் பார்த்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், இன்னும் தண்ணீர் ஊற்றினேன். குடிக்க முடியாத வேருக்கு அது கெடுதல். மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தையும் நீர் பிடித்துக்கொள்ள, வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும்.

தொட்டியையும் மாற்ற வேண்டியிருந்தது. மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சுட்ட மண் தொட்டியும் அதேபோல் கசிந்து, ஆவியாகி, வேரைக் குளிர்விக்கும். ஹீட்டர் போட்ட வீட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். வெளியே மைனஸ் 10 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 21 டிகிரிக் காற்றுக்கு 18 கிராம் வரை இடம் உண்டு. அதனால் உள்ளே வந்து சூடான காற்று எங்கே ஈரம் கிடைத்தாலும் உறிஞ்சும். சிலந்திப்பேன்களுக்கும் இந்த வறட்சிதான் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

சரி, பிரான்சில் வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சு மரங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? 1686-ல் கட்டி முடித்த அந்தப் பெரிய கூடத்தில் பெட்டியில் வளரும் மரங்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. தடித்த சுவர்களால் உறைநிலை மட்டும் அண்டாது, மற்றபடி குளிர்தான். அங்கே இலையும் வேரும் சேர்ந்தே குளிர்கின்றன. செலவும் இல்லை, வரவும் இல்லை, மரம் தூங்குகிறது.

ஆக, வழி இரண்டு. இலை, வேர் இரண்டையும் தூங்கவிட வேண்டும், அல்லது இரண்டையும் விழிப்பாக வைத்திருக்க வேண்டும். பனி உறையாத, 5 முதல் 10 டிகிரி உள்ள அறை கிடைத்தால் முதல் வழி போதும். தண்ணீரும் எப்போதாவது கொஞ்சம்தான். அடுத்த குளிர்காலம் நான் இரண்டாவதை எடுத்தேன். பிளாஸ்டிக் தொட்டி, அதன் அடியில் தெர்மோகோல் பலகை, பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே நாற்றுக்கான சூடேற்றும் விரிப்பு. மண் 19 டிகிரியில் நின்றது. மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

1908-ல் அமெரிக்க வேளாண் துறைக்காகச் செடிகள் சேகரித்த பிராங்க் மேயர் இந்த எலுமிச்சையைச் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே சீனர்கள் இதைத் தொட்டியில் அழகுக்காக வளர்த்துவந்தார்கள். தொட்டி வாழ்க்கை இதற்குப் பழகியதுதான்.

மொட்டையான மரத்தை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. என்னுடையது மார்ச்சில் துளிர்த்தது. அப்புறம் மே மாதம் ஆசையோடு நேராக வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிறந்த மெல்லிய இலைகள் இரண்டே நாளில் வெளுத்துக் கருகின. இப்போதெல்லாம் முதல் பத்து நாள் வேலி நிழலில்தான் வைக்கிறேன்.