‘ஹன்டிகப்’ என்பதற்குத் தமிழ் என்ன?

நவம்பர் மாதம் மெல்பேர்ன் கிண்ணக் குதிரையோட்டம் நடக்கும். அதைத் தமிழில் செய்தியாக்கும் யாராவது ஒருவர் ‘ஊனமுற்றோர் பந்தயம்’ என்று எழுதாமல் அந்த மாதம் கழிவதில்லை. அது குதிரைகளுக்கு வெவ்வேறு எடை ஏற்றி நடத்தும் ‘ஹன்டிகப்’ (handicap) ஓட்டம். அந்தச் சொல்லைக் கண்டதும் கை தானாக அங்கே போய்விடுகிறது. அண்மையில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். அமெரிக்காவில் பந்தயக்காரர்கள் தங்கள் சொந்தக் காசை வைத்து ஆடும் போட்டிக்கு அவர் வைத்த பெயர் ‘உண்மைப் பண ஊனமாக்கல் போட்டி’. அங்கே யாரை யார் ஊனமாக்குகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கக் கூடாதா?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘தொப்பிக்குள் கை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒட்டிப்போய் உண்டான சொல் இது. பழைய காலத்துப் பண்டமாற்று விளையாட்டு ஒன்றின் பெயர். இருவர் தங்கள் பொருட்களை மாற்றிக்கொள்வார்கள். பெறுமதி குறைந்த பொருளோடு எவ்வளவு காசு சேர்த்தால் இரண்டும் சரியாகும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். சம்மதமா இல்லையா என்பதை, தொப்பிக்குள் விட்ட கையை வெளியே எடுத்துக் காட்டுவார்கள். லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசாங்க அதிகாரி தன் 1660ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இந்த விளையாட்டைக் குறிப்பிடுகிறார். 18ஆம் நூற்றாண்டில் நடுவர் முறை குதிரையோட்டத்துக்கு வந்தது. கெட்டிக்காரக் குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். எவ்வளவு எடை என்பதை நடுவர் தீர்மானிப்பார். உடல் இயலாமை என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தச் சொல்லில் ஏறியது. தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டவர்களிடமிருந்து வந்த சொல் என்று சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை. ஆகவே குதிரையோட்டத்துச் சொல்லை ‘ஊனம்’ என்று பெயர்ப்பது மகனின் பெயரை அப்பாவுக்குச் சூட்டுவதாகும். ஆங்கிலத்திலேயே மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க அந்தச் சொல்லைக் கைவிட்டு வருகிறார்கள். நாம் அதைப் புதிதாகக் குதிரைகள்மீது ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஊனத்தை விட்டுவிடுவோம், அது வெறும் கவனயீனம். எனக்குப் பெரிய சண்டை, யோசித்து உண்டாக்கப்பட்ட ‘சமப்படுத்தல்’ என்ற சொல்லோடுதான். அதை ஆதரிப்பவர்கள் தமிழ் தெரிந்தவர்கள், சொல்லின் வரலாறும் தெரிந்தவர்கள். பலமான குதிரைக்குக் கூடுதல் எடை, பலவீனமானதற்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லையைத் தொட வேண்டும் என்பதே எடை குறிப்பவரின் கனவு. ஆகவே சமப்படுத்தல் என்கிறார்கள். ஓட்டத்தை நடத்துபவரின் பக்கமிருந்து பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் அதே சொல்லை டிக்கெட் வாங்கும் பந்தயக்காரருக்கும் சொல்கிறார்கள். அவர் எந்தக் குதிரைக்கும் எடை ஏற்றுவதில்லை. பழைய ஓட்டங்களின் நேரம், தூரம், தரையின் ஈரம், சுமந்த எடை, குதிரையை ஓட்டும் ஜொக்கி, பயிற்றுநர் எல்லாவற்றையும் பார்த்து, எந்தக் குதிரைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகிறார். கணக்கு இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், போகும் திசைதான் வேறு. எடை குறிப்பவர் குதிரைகளுக்கு இடையிலான வேறுபாட்டை அழிக்கப் பார்க்கிறார். பந்தயக்காரரோ அந்த அழிப்பில் தப்பிய வேறுபாட்டைத் தேடுகிறார். அவருடைய வேலைக்குப் போய் ‘சமப்படுத்தல்’ என்று பெயர் வைத்தால், வாசகனுக்கு நேர்மாறான பொருள் போய்ச் சேரும். ‘சமப்படுத்தல் போட்டியில் வென்றார்’ என்று எழுதினால் அவர் எதைச் சமப்படுத்தினார் என்று யாருக்கு விளங்கும்?

இன்னொரு தரப்பு ‘ஊகப் போட்டி’ என்கிறது. இது கேட்க எளிது, அதனால்தான் ஆபத்து. ஊகம் என்றால் நம் காதில் விழுவது, கையில் ஒன்றும் இல்லாமல் குருட்டாம்போக்கில் சொல்வது. கொழும்பில் பந்தயக் காசு வாங்கும் புக்கிக் கடைக்குள் போய், இங்கிலாந்து ஓட்டங்களின் தாளை விரித்து, பேனையால் கோடு போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ‘ஊகிக்கிறீர்களா ஐயா’ என்று கேட்டுப் பாருங்கள். சூதாட்டத்தை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அதில் குடும்பங்கள் அழிந்ததை இந்த நகரம் நன்றாகவே அறியும். ஆனால் ஒரு வேலை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதற்குத் தவறான பெயர் வைக்கும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்குக் கிடையாது.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். எடை ஏற்றும் ஓட்டத்துக்கு ‘எடையீட்டு ஓட்டம்’. ஈடு என்றால் குறையை நிரப்பக் கொடுப்பது. நட்டஈடு, ஈடுசெய்தல் எல்லாம் நாம் தினமும் சொல்பவை. தொப்பி விளையாட்டில் நடுவர் சொன்ன மேலதிகக் காசுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. கொழும்பு பொரளையில் கொல்ப் ஆடுபவர்கள், திறமை குறைந்தவருக்கு விட்டுக்கொடுக்கும் அடிகளைக் குறித்துச் சொல்லும் ஹன்டிகப்புக்கும் ‘ஈட்டு அடிகள்’ என்றால் சட்டென்று விளங்கும். பந்தயக்காரரின் வேலைக்கு ‘கணிப்பு’. காலநிலைக் கணிப்பு, கருத்துக் கணிப்பு என்று சான்றோடு கூடிய முன்சொல்லலுக்கு ஏற்கெனவே பழகிய சொல் இது.

அடுத்த சிக்கல், ‘பந்தய உத்தி’ என்று எழுதுவது. தமிழில் ஓட்டமும் பந்தயம், அதன்மீது கட்டும் காசும் பந்தயம். பந்தய உத்தி என்றால் ஜொக்கி குதிரையைப் பின்னால் பிடித்து வைத்துக் கடைசி வளைவில் விடும் உத்தியா, டிக்கெட் வாங்குபவரின் உத்தியா? பேச்சில் நாம் இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவிட்டோம். ரேஸ் ஓடுகிறது, காசு கட்டுகிறோம். எழுத்திலும் முன்னதை ‘ஓட்டம்’ என்றும் பின்னதை ‘கட்டு’ என்றும் பிரித்தால் போதும்.

இந்தப் பிரிவு இல்லாமல் சொந்தக் காசுப் போட்டிகளை விளக்கவே முடியாது. சில போட்டிகளில் கற்பனைக் காசுதான். லாஸ் வேகாஸில் நடக்கும் தேசியக் கணிப்புப் போட்டியில் இரண்டு டொலர் கட்டியதாக வைத்துக்கொண்டு புள்ளி எண்ணுவார்கள். அமெரிக்காவின் பெரிய குதிரையோட்ட விழாவான பிரீடர்ஸ் கப்பை ஒட்டி நடக்கும் போட்டி வேறு மாதிரி. 10,000 டொலர் நுழைவுப் பணத்தில் 2,500 பரிசுக்குப் போகும், 7,500 கட்டுவதற்கான கைமுதல் என்ற முறையில் அது நடந்து வந்திருக்கிறது. கட்டி வென்றது ஆடியவருக்கே சொந்தம், அதற்கு மேல் பரிசும் உண்டு. பரிசின் பெரும்பகுதி முன்னிடங்களுக்குப் போவதால், நன்றாகக் கணிப்பது மட்டும் போதாது. கைமுதல் 7,500இல் நிற்க, முன்னால் இருப்பவரிடம் 60,000 இருக்கிறது என்று வையுங்கள். கடைசி ஓட்டம். அதிகம் பேர் காசு கட்டும் பேவரிட் குதிரைதான் வெல்லும் என்று உங்கள் கணிப்பு சொல்கிறது, ஆனால் அது ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். முழுவதையும் கட்டினாலும் 15,000தான். முந்த வேண்டுமானால் ஒன்றுக்கு ஏழுக்கு மேல் தரும் குதிரையில் முழுவதையும் கட்ட வேண்டும். சாதாரண நாளில் இது முட்டாள்தனம், அந்தப் போட்டியில் அதுவே சரியான கட்டு. அதிலும், டோட் முறையில் எல்லாருடைய காசும் ஒரே தொகையில் சேர்ந்து பிரிவதால், சின்ன ஓட்டத்தில் பெரிய கட்டு போட்டால் உங்கள் காசே உங்கள் குதிரை ஒன்றுக்கு எவ்வளவு தரும் என்பதை இறக்கிவிடும். கணிப்பு ஒரு வேலை, கட்டு இன்னொரு வேலை. இரண்டையும் ‘பந்தய ஊக உத்தி’ என்று ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிய மொழிபெயர்ப்பை நான் படித்தேன். அந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று அதிலிருந்து ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

பந்தயக்காரர் கட்டுவதற்கு ஒதுக்கி வைக்கும் காசைக் குறிக்கும் ‘பாங்ரோல்’ (bankroll) என்பதை அதே ஆள் ‘வங்கிச் சுருள்’ என்று எழுதியிருந்தார். கைமுதல் என்ற சொல் கொழும்பு செட்டியார் தெருவில் இன்றைக்கும் புழங்கும்போது வங்கி எதற்கு, சுருள் எதற்கு? நம்முடைய பல மொழிபெயர்ப்புகளின் நோய் இதுதான். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். கொழும்பில் இது இன்னும் மோசம். பல அறிவித்தல்கள் ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும், அங்கிருந்து தமிழுக்கும் இரண்டு தாவலில் வருகின்றன. வந்து சேரும்போது சொல் நொண்டுகிறது. சரிபார்க்க ஒரு தமிழ் ஆளை வைப்பதில்லை, வைத்தாலும் அவருக்குப் போதிய நேரம் தருவதில்லை.

கொழும்பு ரீட் அவெனியூவில் 1893இல் திறந்த ரேஸ்கோர்ஸில் கிழமைதோறும் குதிரை ஓடிய காலம் 1950களோடு போய்விட்டது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத்தளமாகவும் இருந்த அந்தத் திடலில் இப்போது ரக்பி ஆடுகிறார்கள், பார்வையாளர் மண்டபத்தில் கடைகள். ஆனால் ஏப்ரலில் நுவரெலியாவில் குதிரை ஓடுகிறது, புக்கிக் கடைகளும் திறந்தே இருக்கின்றன. அங்கே போய் வருபவர்களின் வாயில் ‘கட்டு’, ‘பேவரிட்’, ‘வின்’, ‘பிளேஸ்’ எல்லாம் உயிரோடு இருக்கின்றன. பேவரிட்டுக்கும் பிளேஸுக்கும் தமிழ் தேடி இப்போது அலைய வேண்டாம், அவை விளங்குகின்றன. ஹன்டிகப் மட்டும் இரண்டு பொருளில் வந்து குழப்புவதால் அதைப் பிரித்தே ஆக வேண்டும்: எடை குறிக்கும் அதிகாரி எடையீட்டாளர், காசு கட்டுபவர் கணிப்பாளர், அவர்கள் சொந்தக் காசில் மோதுவது கைமுதல் கணிப்புப் போட்டி.