குச்சியே இல்லாத குச்சிக் காளான்

சமையல் காணொளி ஒன்றில் மறுபடியும் ‘குச்சிக் காளான் புலாவ்’. போதாக்குறைக்கு, ‘தண்டு குச்சி போல இருப்பதால் இந்தப் பெயர்’ என்று ஒரு விளக்கம் வேறு! இனியும் பொறுப்பதற்கில்லை.

காஷ்மீர், இமாச்சல மலைக்காடுகளில் பனி உருகும் பருவத்தில் முளைக்கும் காளான் இது. இந்தியில் ‘குச்சீ’, முதலெழுத்தை ‘குரு’வில் வரும் ‘கு’ போல அழுத்திச் சொல்ல வேண்டும். கொத்து என்ற பொருளுடைய ‘குச்சா’வின் உறவுச்சொல். புடவை முந்தானையில் கட்டுகிறோமே குச்சம், அதுவும் அந்த வழி வந்ததே. குச்சிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆங்கிலத்தில் மோரெல், பிரெஞ்சிலிருந்து போனது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

குச்சியை விட்டவர்கள் ‘பஞ்சுக் காளான்’ என்கிறார்கள். இதுதான் எனக்கு ஆகவே ஆகாது. தொப்பி கடற்பஞ்சு போலக் குழிகுழியாக இருக்கிறதாம். தமிழனுக்குப் பஞ்சு என்றால் முதலில் இலவமும் பருத்தியும்தானே? அதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. காட்டில் பொறுக்குபவர்கள் காளானை நெடுக்காக அறுத்துப் பார்ப்பார்கள். உண்மையான மோரெல் என்றால் தொப்பி முதல் தண்டின் அடிவரை ஒரே வெற்றுக் குழல். போலிகளிலோ உள்ளே அறையறையாகத் தடுப்பு இருக்கும், அல்லது தண்டில் வெண்பஞ்சு அடைத்தாற்போல் இருக்கும். அந்தப் போலிகளில் ஒன்றான ஜைரோமிட்ராவின் நஞ்சு, உடலுக்குள் போய் ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் ஹைட்ரசீன் வகையாக மாறும், ஆளையே கொல்லும். ஆக, பஞ்சு என்பது தள்ள வேண்டியதன் அடையாளம். அதையே கொள்ள வேண்டியதற்குப் பெயராக வைக்கிறார்கள்!

‘தேன்கூட்டுக் காளான்’ தோற்றத்துக்குப் பொருந்தும். ஆனால் தேன் காளான் என்று வேறொன்று இருக்கிறது. அவசரத்தில் ‘கூடு’ உதிர்ந்துவிடும்.

சிறுபாணாற்றுப்படை ‘புழற்காளாம்பி’ என்கிறது. வறியவர் அடுக்களைச் சுவரோரம் பூத்த, உள்துளையுள்ள காளான். அது மோரெல் இல்லைதான். ஆனால் காளானின் உள்வெறுமையைப் பார்த்த கண், அதற்கொரு சொல்லையும் வைத்திருந்தது. ‘புழல்’ என்றால் சென்னைக்காரர்களுக்குச் சிறைதான் நினைவுக்கு வரும் என்பதால், துளை என்றே பொருள்படும் ‘புழை’யை எடுத்து, மோரெலைப் ‘புழைக்காளான்’ என்கிறேன். கத்தி வைத்துப் பார்க்க வேண்டியது எதை என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

அது வாயில் நுழையாதவர்கள் மோரெல் என்றே எழுதட்டும், குற்றமில்லை. குச்சியை மட்டும் ஐஸுக்கு விட்டுவிடுங்கள்.