கடுக்காய் கடித்த வாயும் கொதிநீரில் சுருங்காத தோலும்

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு கடுக்காயை எடுத்து ஓரத்தில் கொஞ்சமாகக் கடித்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. நாலைந்து விநாடியில் கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தால் வழுக்காது, கரகரக்கும். ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலும் அது உடனே விடாது.

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கிறோம். ஆனால் இனிப்பையும் கசப்பையும் போல முழுக்கச் சுவைமொட்டுகளின் வேலை அல்ல அது. அதில் பெரும்பங்கு தொடு உணர்வு. எச்சில் வழுவழுவென்று இருப்பதற்கு அதிலுள்ள புரதங்களே காரணம். கடுக்காயிலிருந்து கரைந்து வரும் டானின் மூலக்கூறுகள் அந்தப் புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுகின்றன. எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி எச்சில் திரிந்துபோகிறது. மசகு போன வாயில் சதையோடு சதை உரசுகிறது. அந்த உரசலைத்தான் துவர்க்கிறது என்கிறோம்.

நான் வளர்ந்தது பேரணாம்பட்டில். அப்பா டேனரியில் வேலை பார்த்தார். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆர்க்காடு மாவட்டம் நெடுக இருந்த தோல் தொழில், குரோம் உப்பு வருவதற்கு முன்னால், ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் நடந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமான தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும், அதனால் கடைசியில் கடுக்காய்ச் சாறு காட்டுவார்கள். வாயை இழுக்கிற அதே மூலக்கூறு தொட்டியில் ஆட்டுத்தோலைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சின்ன மூலக்கூறு ஒரு பெரிய புரதத்தை எப்படிப் பிடிக்கிறது, எதைக் கொண்டு பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிடக் கைக்கெட்டிய உதாரணம் இல்லை.

முதலில் பிடிபடுகிற புரதம். தோலில் இருப்பது பெரும்பாலும் கொலாஜன். ஆட்டுக்கால் பாயா வைக்கிற எல்லோருக்கும் இது பழக்கமானதுதான். மணிக்கணக்கில் கொதித்த பாயா கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், ஆறினால் கட்டியாகும். காலிலும் தோலிலும் தசைநாணிலும் இருந்த கொலாஜன் பிரிந்து ஜெலட்டினாகத் தண்ணீரில் இறங்கியதுதான் அந்தப் பிசுபிசுப்பு. எதிலிருந்து பிரிந்தது என்று கேட்டால், ஒரு முப்புரிக் கயிற்றிலிருந்து. ஒவ்வொரு புரியும் ஏறக்குறைய 1000 அமினோ அமிலங்கள் கோத்த சரம். மூன்று சரங்கள் முறுக்கிக்கொண்டு 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் உள்ள ஒரு கயிறாகின்றன. சரத்தில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும். அமினோ அமிலங்களிலேயே ஆகச் சிறியது அது. மூன்று புரியும் நெருங்குகிற நடுப்பகுதியில் வேறெதற்கும் இடமில்லை.

இந்த முப்புரி அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, விழுந்த புள்ளிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கண்டது. மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு (அது என்ன என்பது கீழே வரும்) புரிகளைச் சேர்த்துக் கட்டுகிறது என்றார் ராமச்சந்திரன். இரண்டு வைத்தால் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடும், ஒன்றுதான் என்றார்கள் அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும். பிற்பாடு ஒன்று என்பதே நிலைத்தது. ஆனால் முப்புரி என்ற அடிப்படை அசையவில்லை. அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த வழக்கிலிருந்துதான் புரதச் சரம் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் பிறந்தது. இன்று உலகத்தில் எந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை. கிண்டியில் பிறந்த படம் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் பள்ளியிலேயே சொல்ல வேண்டும்.

சரி, பிடிப்பது யார்? கடுக்காயில் செபுலாஜிக் அமிலம் என்று ஒரு டானின் இருக்கிறது. நடுவில் ஒரு குளுக்கோஸ், அதைச் சுற்றிலும் ஆறு மூலை கொண்ட தட்டையான கார்பன் வளையங்கள். ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். புரதச் சரத்தின் முதுகெலும்பு நெடுக, கார்பனோடு ஒட்டிய ஆக்சிஜன்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. டானினின் கையிலுள்ள ஹைட்ரஜனில் மின்னூட்டம் சற்று நேர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், புரதத்தின் ஆக்சிஜனில் எதிர்ப்பக்கம். இரண்டும் நெருங்கி, ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே 0.28 நானோமீட்டர் தூரம் வந்ததும் நின்றுவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஒரு பங்கு அந்தத் தூரம். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. கார்பனும் கார்பனும் போட்டுக்கொள்ளும் உறுதியான பிணைப்போடு ஒப்பிட்டால் இதன் வலு இருபதில் ஒரு பங்குதான் தேறும்.

பல பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு எப்போதுமே அது போதாது. டானினும் சரி, புரதமும் சரி, தண்ணீருக்குள்தானே கிடக்கின்றன? டானின் வருவதற்கு முன்பு புரதத்தின் அந்த ஆக்சிஜன் சும்மா இருக்கவில்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பில்தான் இருந்தது. டானினின் கையையும் இன்னொரு தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை விட்டு இதைப் பிடித்ததில் என்ன லாபம்? பிணைப்புக்குப் பிணைப்பு கணக்குப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. டானின் வளையத்தின் விளிம்புக்குத் தண்ணீர் பிடிக்கும், தட்டையான முகத்துக்குப் பிடிக்காது. புரோலின் என்ற அமினோ அமிலத்துக்கும் அப்படி ஒரு ஐந்து மூலை வளையம் உண்டு, அதற்கும் தண்ணீர் ஆகாது. இந்த முகங்களை ஒட்டி நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் அந்தப் பக்கம் கை நீட்ட வழியில்லாமல், தங்களுக்குள்ளேயே கை கோத்து, அசைய இடமின்றி அடங்கி நிற்கின்றன. டானின் வளையம் வந்து புரோலின் வளையத்தின் மேல் தட்டின் மேல் தட்டு வைத்தாற்போல் படிந்ததும், நடுவில் நின்ற தண்ணீர் அத்தனையும் வெளியேறி நாலா பக்கமும் ஓடித் திரியும் விடுதலை பெறுகிறது. இயற்கையின் கணக்கில் அந்த ஓட்டத்துக்கு மதிப்பு அதிகம். வளையங்கள் ஒன்றையொன்று இழுத்தன என்பதைவிட, தண்ணீர் அவற்றைச் சேர்த்துத் தள்ளியது என்பதே உண்மைக்கு அருகில் வரும். எச்சிலில் துவர்ப்புக்கு முதலில் சிக்குபவை புரோலின் மிகுந்த புரதங்கள். கொலாஜனிலும் புரோலின் ஏராளம். தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு தணிவதும் இதனால்தான். புரோலின் நிறைந்த, இறுக்கமாக மடியாத பால் புரதம் கேசின், தேயிலையின் டானினை டம்ளரிலேயே பிடித்துக்கொள்கிறது. எச்சில் தப்பித்துவிடுகிறது.

இன்னொரு லாபம் எண்ணிக்கை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் ஆயுள் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான். இவ்வளவு அற்ப ஆயுளை வைத்துக்கொண்டு ஒரு செருப்பு எப்படி ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது? ஒரு பேச்சுக்கு, ஒரு கை பத்தில் ஒரு தரம் விட்டுப்போகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் விட்டால்தான் டானின் கழன்று போக முடியும். அது லட்சத்தில் ஒரு தரம்தான் நேரும். நான்கு விட்டாலும் ஐந்தாவது பிடித்திருக்கும் வரை மற்ற நான்கும் பக்கத்திலேயே நிற்கின்றன, திரும்பப் பிடித்துக்கொள்கின்றன. டானினின் ஒரு வளையத்தை மட்டும் அதன் கைகளோடு தனியே எடுத்தால் அது காலிக் அமிலம். மூலக்கூறு எடை 170. அது தோலைப் பதப்படுத்தாது. செபுலாஜிக் அமிலத்தின் எடை 954. ஏறக்குறைய 500க்கு மேல் இருந்தால்தான் இரண்டு புரிகளை எட்டிப் பிடிக்கப் போதுமான கைகள் இருக்கும். 3000ஐத் தாண்டினாலோ நார்களுக்கு நடுவே நுழையவே முடியாது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்துக் கலக்கி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்துத் தெளிவாக வடித்து ஆறவிட்டு, சொட்டுச் சொட்டாக அதில் விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் வெண்பழுப்பாகத் திரிதிரியாய்க் கட்டும். கடுக்காய் கடித்த வாய்க்குள் நடந்தது அதுதான்.

டானின் கண்ட புரதத்தையெல்லாம் பிடிக்கும். மருந்துக்கு அது ஆகாது, ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்க வேண்டும். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வேலூருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்காரர்களும் உண்டு. அந்த நோயில் ஏபிஎல் என்ற நொதி அணையாத விளக்காக எரிந்துகொண்டே இருக்கும். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மருந்து, அந்த நொதியின் ஆழமான ஒரு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து அதை அணைக்கிறது. பிடிக்கும் வகை மேலே சொன்னதேதான்: ஹைட்ரஜன் பிணைப்பு, தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பொருந்தும் வளையங்கள். எல்லாம் ஒரே பள்ளத்தில், அளவெடுத்துத் தைத்த சட்டைபோல். பிணைப்புகளில் ஒன்று நொதியின் சரத்தில் 315ஆவது இடத்தில் இருக்கும் திரியோனின் என்ற அமினோ அமிலத்தோடு. சிலருக்கு அந்த ஒரே இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்துவிடுகிறது. அதில் பிடிக்க ஹைட்ராக்சில் இல்லை. போதாததற்கு அது பருமனாகவும் இருந்து வழியை அடைக்கிறது. மருந்து வேலை செய்வது நின்றுவிடும். நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்று, அதிலும் கைவிரலில் எண்ணக்கூடிய அணுக்கள், ஒரு மனிதரின் ஆயுளை மாற்றிவிடுகின்றன. பிறகு வந்த பொனாட்டினிப், அந்த இடத்தை இரண்டு கார்பன்களுக்கு நடுவே மூன்று பிணைப்பு போட்ட ஒல்லியான குச்சி ஒன்றால் கடந்துபோகிறது. 2012இல் அதுவும் அனுமதி பெற்றது.

குரோமுக்கு வருகிறேன். அப்பா காலத்தில் எங்கள் ஊர் டிரம்களில் ஓடியது அதுதான். குரோமிய அயனி தன்னைச் சுற்றி ஆறு இடங்களில் கூட்டாளிகளை வைத்துக்கொள்ளும். கொலாஜனில் ஆங்காங்கே நீட்டிக்கொண்டிருக்கும் கார்பாக்சில் கைகள் அந்த இடங்களைப் பிடிக்கும். முதலில் தோலை உப்பும் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு அந்தக் கைகளை மூடிவைக்கிறார்கள். இல்லையென்றால் குரோம் மேல்தோலிலேயே சிக்கி உள்ளே இறங்காது. நடுவரை இறங்கியபின் சோடா உப்பு போட்டு அமிலத்தைத் தணித்ததும் உள்ளேயிருக்கும் கைகள் திறந்து குரோமைப் பிடித்துக்கொள்கின்றன.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மேஸ்திரி பாய் டிரம்மை நிறுத்திவிட்டு, நீலமாக ஈரம் சொட்டிய தோலில் கழுத்துப் பக்கம் தடித்த இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டினார். காகிதத்தில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்தார். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு இடுக்கியால் எடுத்து மறுபடி அந்தக் கோட்டுக்குள் வைத்தார். ஒரு மூலை உள்ளே சுருண்டிருந்தது. “இன்னும் ஏறல பாப்பா, ஓடட்டும்” என்றார். சாயங்காலம் வெட்டிய துண்டு கோட்டில் அப்படியே உட்கார்ந்தது. பச்சைத் தோல் ஏறக்குறைய 60 டிகிரியில் முப்புரி அவிழ்ந்து சுருங்கத் தொடங்கிவிடும். டானின் ஏறிய தோல் 80 டிகிரி வரை தாங்கும். குரோம் ஏறியது 100ஐயும் தாங்கும்.

குரோம் இவ்வளவு உறுதியாக நிற்பதற்கு அதன் சோம்பலும் ஒரு காரணம். தண்ணீரில் கிடக்கும் குரோமிய அயனி தன்னைச் சுற்றியுள்ள ஒரு தண்ணீர் மூலக்கூறை மாற்றிக்கொள்ளவே நாள்கணக்கில் எடுக்கும். சோடிய அயனி அதையே விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் செய்து முடிக்கும். அது எதையும் நிலையாகப் பிடிக்காது. தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பில் பெரும்பகுதி தோலோடு தங்காமல், ஊறவைத்துக் கழுவுகிற தண்ணீரிலேயே வெளியேறுவது அதனால்தான். குரோமிலும் வழக்கமான முறையில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு பிடிபடாமல் கழிவில் மிஞ்சும். இந்தக் கழிவுகள் பாலாற்றை என்ன செய்தன என்பதை வேலூர் குடிமக்கள் நலப் பேரவை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. மாசு செய்தவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மிஞ்சிய குரோமை மீட்டு மறுபடி டிரம்முக்கே கொண்டுவர வழி இருக்கிறது. கரைந்துபோன உப்பைத் திரும்ப எடுக்கத் தண்ணீரையே பிரித்தாக வேண்டும், செலவு பிடிக்கிற வேலை. எங்கள் வீட்டுக் கிணறு உப்பானபின் சோறு வடிக்க அம்மா இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் எடுத்து வருவார்.