கோல்ட் கோஸ்டில் காலை கோல்ஃப், மாலை கடல்: ஒரு மருத்துவக் குறிப்பு

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள கோல்ட் கோஸ்டுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் காலையில் பதினெட்டுக் குழி கோல்ஃப், சாப்பிட்டதும் ஜெட் ஸ்கீ என்ற நீர் மோட்டார் வண்டி, பிறகு கடல் குளியல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நாலு மணி நேரம் வெயிலில் நடந்து நீர்ச்சத்து வற்றிய உடம்போடு அலைக்குள் இறங்கக் கூடாது. இடையில் மூன்று மணி நேரமாவது நிழலும் தண்ணீரும் வேண்டும். பீர் அந்தத் தண்ணீர்க் கணக்கில் சேராது.

தோலைக் கன்ற வைப்பது புற ஊதாக் கதிர். அது சூடாக உறைக்காது. குளிர்ந்த காற்றிலும் மெல்லிய மேகத்திலும் இறங்கும். அதன் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு தேவை. குவீன்ஸ்லாந்துக் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது வழக்கம். நம் நிறத்துக்குத் தோல் புற்றுநோய் அபாயம் குறைவுதான், ஆனால் தோல் கன்றுவதும் கண் கெடுவதும் நமக்கும் உண்டு. கிளம்புவதற்கு 20 நிமிடம் முன்பே எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 50+ சன்ஸ்கிரீன் பூசுங்கள். பெரியவருக்கு ஏழு டீஸ்பூன், சுமார் 35 மில்லி: முகம், கழுத்து, காதுக்குச் சேர்த்து ஒன்று, கைகால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று. மட்டை வழுக்கும் என்று கைகளை விட்டுவிடாதீர்கள். பூசியபின் உள்ளங்கையை மட்டும் துடைத்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது ஒன்பதாவது குழி முடிந்ததும், மறுபடி பூச வேண்டும். கோல்ஃப் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது. விளிம்பு அகன்றதே நல்லது.

குளத்தில் விழுந்த பந்தைத் தேடி இறங்காதீர்கள். பிரிஸ்பேன் பக்கம் கார்புரூக் மைதானத்துக் குளத்தில், 1990களின் வெள்ளத்தில் வந்த காளைச் சுறாக்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தன.

ஜெட் ஸ்கீயில் விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. எதிரே ஏதாவது வந்ததும் பதறி த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) விட்டுவிடுகிறார்கள். அப்போது வண்டியைத் தள்ளும் நீர்ப்பீச்சு நின்றால் பல வண்டிகள் திரும்பவே திரும்பாது. நேராகப் போய் மோதும். திருப்ப வேண்டுமானால் கொஞ்சம் த்ராட்டில் வேண்டும். இன்ஜினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருபவருக்கு நீச்சலுடை மட்டும் போதாது, வெட்சூட் (தடித்த ரப்பர் நீச்சலுடை) கால்சட்டை அவசியம்: வழுக்கிப் பின்பக்கம் விழுந்தால் பீச்சும் நீர் உடலுக்குள் புகுந்து உள்ளுறுப்பைக் கிழிக்கும்.

கடலில் உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். அலை உடையாமல் கருமையாக, அமைதியாகத் தெரியும் பட்டைதான் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் நீரோட்டம். குழந்தைகளோடு வருபவர்கள் அந்த இடத்தைத்தான் தேடிப் போகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கம் நீந்துங்கள்.

நீலப் பை போன்ற புளூபாட்டில் என்ற கடல் உயிரி கொட்டினால் வினிகர் வேண்டாம். இழைகளை எடுத்துவிட்டு, கடல்நீரால் கழுவி, தோல் தாங்கும் வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், 20 நிமிடம் வையுங்கள். வினிகர் வட குவீன்ஸ்லாந்தின் பெட்டி ஜெல்லிமீனுக்கு உரியது. அங்கே குறைந்தது 30 விநாடி ஊற்ற வேண்டும். எதுவானாலும் மூச்சுத் திணறினால் உடனே அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள்.