மரம் அறுக்க கிரைண்டர் வேண்டாம்

மதுரையைச் சுற்றி எந்தக் கட்டட வேலைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்: நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர், அதாவது நாம் ஏஜி-4 என்று சொல்கிற மிஷின். கவரைக் கழற்றிவிட்டு, மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டியிருப்பார்கள். சிலர் அஞ்சு இஞ்ச் பிளேடு போடுவதற்காகவே கவரைக் கழற்றுகிறார்கள். தச்சுப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கிரைண்டர் இரும்பைத் தேய்க்கவும் வெட்டவும் செய்த மிஷின். நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். மரம் அறுக்கிற ஏழு இஞ்ச் சர்க்குலர் சா 5,000 சுற்றுதான். கிரைண்டர் ஓடுகிற வேகத்தில் பல் மரத்துக்குள் மாட்டினால் மிஷினே கையை மீறி எகிறும். பச்சை வேம்பு, வாகை என்றால் இன்னும் மோசம். அறுக்க அறுக்க, அறுத்த பிளவின் வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். கிரைண்டரின் சுவிட்சும் ஒருமுறை தள்ளிவிட்டால் ஆன் நிலையிலேயே இருக்கிற வகை. மிஷின் கையை விட்டுப் போன பிறகும் பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டால், கரண்ட் வந்ததும் அது தானாகத் தரையில் துள்ளும்.

உட்கார்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். தரையில் குந்தி, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது நம் தச்சர்களுக்குப் பரம்பரையாக வந்த பழக்கம். கை ரம்பத்துக்கும் மரம் செதுக்கும் வாய்ச்சிக்கும் அது சரியான இருப்பு, அதில் தப்பே இல்லை. அதே இருப்பில் மிஷினைப் பிடித்தால் அது எகிறி வருகிற வழியில் இருப்பது தொடை. தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். இடுப்பு உயரத்துக்கு ஒரு பெஞ்ச், கட்டையை அதில் இறுக்கிப் பிடிக்க இரண்டு சி கிளாம்ப். இதற்காகும் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? கீழ் கவர் தானாக மூடிக்கொள்ளும் ஏழு இஞ்ச் சர்க்குலர் சா. சுவிட்சிலிருந்து விரலை எடுத்தால் மோட்டாருக்குக் கரண்ட் நின்றுவிடும். ஆழம் சுமார் 65 மி.மீ. போகும். மூன்று இஞ்ச் நிலைக்கட்டையை இரண்டு பக்கமும் திருப்பி அறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பலகை அறுக்கும்போது பிளேடு அடியில் கால் இஞ்ச் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஆழத்தை வையுங்கள். வாய் மூடுகிற கட்டைக்கு, அறுத்த இடத்தில் ஒரு சின்ன ஆப்பு செருகுங்கள். சிஎம்-4 மார்பிள் கட்டருக்கு அடித்தட்டு இருப்பதால் ஏஜி-4ஐ விடப் பரவாயில்லை. ஆனால் அடியில் பிளேடு திறந்தே இருக்கிறது. விரலை எடுத்தாலும் மிஷினை ஓட வைக்கிற லாக் பட்டனைத் தயவுசெய்து அமுக்கி வைக்காதீர்கள். எந்த பிளேடு வாங்கினாலும் அதில் அச்சடித்திருக்கும் சுற்று அளவு மிஷினின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

நாலு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) துண்டு போட மிஷினே வேண்டாம், நல்ல கை ரம்பம் போதும். புளி, கருவேலம் போன்ற கடின மரத்துக்கு உளியை 30 டிகிரிக்குத் தீட்டுங்கள், மற்றதுக்கு 25. மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையில் ஏறும், ஏனென்றால் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது.

சுற்றுகிற பிளேடுக்குப் பக்கத்தில் கையுறை வேண்டாம், இழுத்துவிடும். மடித்துக் கட்டிய லுங்கியும் அப்படித்தான். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது.

அப்புறம், பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. விரல் துண்டாகிவிட்டால் காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது, தண்ணீரிலும் ஊறக் கூடாது. 108க்குப் போன் செய்யும்போதே விரல் துண்டாகியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.